இதமான கடலில் பல் தந்தியடிப்பது ஏன்? வெட்சூட் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

முக்குளிக்கும்போது மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் நீரின் வெப்பநிலை 28 டிகிரி என்கிறது. கால் நனைத்தபோது அந்த நீர் இதமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பதாவது நிமிடத்தில் பல் தந்தியடிக்கிறது. மேலே வந்ததும் பெரும்பாலானோர் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: அடுத்த முறை இதைவிடத் தடிமனான வெட்சூட், அதாவது முக்குளிக்கும்போது உடம்பை ஒட்டி அணியும் ரப்பர் உடை. நானும் அப்படித்தான் 3 மி.மீ. உடையை ஒதுக்கிவிட்டு 5 மி.மீ. உடை வாங்கினேன். அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே குளிர். இரண்டு உடைகளுமே இடுப்புக்குப் பின்னால் தொளதொளவென்று இருந்தன என்பது பிறகுதான் உறைத்தது. மில்லிமீட்டருக்குக் கொடுத்த காசு அந்த இடைவெளி வழியாகக் கடலில் போய்விட்டது.

காரணம் எளிது. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அசையாமல் மிதக்கும் வெற்றுடம்பு வெப்பத்தை இழக்காமல் இருக்க வேண்டுமென்றால் நீர் ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கடலில் நாம் இறங்குவது அரிது. ஆகவே "வெப்பக் கடல்" என்று நாம் சொல்வது எல்லாமே மெதுவாகக் குளிர வைக்கும் கடல்தான். வெட்சூட் அந்த இழப்பைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. தாமதப்படுத்துவது நியோப்ரீன் ரப்பருக்குள் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். உடைக்குள் புகும் நீர் உடலைச் சூடாக வைத்திருக்கிறது என்று பயிற்சி வகுப்புகளில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த நீர் எவ்வளவு குறைவாக, எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. நீரே நுழையாவிட்டால் இன்னும் நல்லது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

முதுகில் அடிக்கடி சில்லென்று நீர் ஓடுகிறது

வெப்ப நீரில் டைவ் செய்கிறவர்களின் குளிர்ப் புகார்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். இறங்கிய கணத்தில் ஒருமுறை சில்லென்று நுழைந்து, பிறகு அடங்கிவிட்டால் கவலையில்லை. கையை முன்னே நீட்டும்போதும், தலையைத் திருப்பும்போதும், காலில் மாட்டிய துடுப்பை உதைக்கும்போதும் மீண்டும் மீண்டும் புது நீர் வந்தால் உங்கள் உடை ஒரு பம்பாக வேலை செய்கிறது. நீங்கள் கஷ்டப்பட்டுச் சூடாக்கிய நீரை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாகக் குளிர்ந்த நீரை இழுத்துக்கொள்கிறது.

எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஆழம் தேவையில்லை. மார்பளவு நீரில் குப்புற மிதந்தபடி ஒவ்வோர் அசைவாகச் செய்து பாருங்கள். கைகளைத் தலைக்கு மேல் நீட்டும்போது வந்தால் வாசல் அக்குளும் கழுத்தும். தலையைத் தாழ்த்தும்போது வந்தால் பின்கழுத்து. உதைக்கும்போது வந்தால் இடுப்பின் பின்வளைவும் தொடையிடுக்கும். படகின் ஏணியில் ஏறும்போது கெண்டைக்கால்கள் நீர் நிரம்பிப் பலூன்போல் உப்பியிருந்தால் வேறு சோதனையே வேண்டாம். மேலே ஏதோ ஒரு வாசல் அகலத் திறந்திருக்கிறது.

புது உடை வாங்கும் முன் சரிசெய்யக்கூடியவை சில உண்டு. முதுகுப்பக்கம் ஜிப் இருக்கும் உடையில் ஜிப்புக்கு உள்ளே ஒரு மடல் இருக்கும். அது சுருண்டுகொண்டாலும், தலைமுடி அதில் சிக்கிக்கொண்டாலும் கழுத்து மூடாது. கூட இறங்குபவரிடம் சொல்லி ஒவ்வொரு முறையும் பார்க்கச் செய்யுங்கள்; உங்களால் அதைப் பார்க்க முடியாது. அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று: உள்ளே அணியும் லைக்ரா (இழுத்தால் நீளும் மெல்லிய துணி) மேலாடையின் காலர் வெட்சூட்டின் கழுத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தத் துணி நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். காலரை உள்ளே மடித்துவிடுங்கள். மணிக்கட்டிலும் அப்படியே, உட்சட்டையின் கை வெட்சூட்டின் கைக்குள்ளேயே முடிய வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் நிற்கவில்லை என்றால் அளவுதான் தவறு. கடையில் போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்று கண்ணாடியில் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கைகளை மேலே தூக்குங்கள், குந்தி உட்காருங்கள், தோள்களை முன்னே குவியுங்கள். பிறகு இன்னொருவர் உங்கள் இடுப்பின் பின்வளைவில் துணியைக் கிள்ளி இழுத்துப் பார்க்கட்டும். கொத்தாகக் கைக்கு வந்தால் அந்த உடை வேண்டாம். தொடையிடுக்கில் விரற்கடை அளவு தொங்கினாலும் வேண்டாம். உலர்ந்த நிலையில் சற்று இறுக்கமாக, கொஞ்சம் எரிச்சலூட்டும்படி இருப்பதுதான் நீரில் சரியாக இருக்கும். நனைந்ததும் நியோப்ரீன் நெகிழ்ந்துகொடுக்கும். அளவு அட்டவணையை நம்பி வாங்குவது செருப்பைப் புகைப்படம் பார்த்து வாங்குவது மாதிரிதான். உயரம் ஓர் அளவிலும் மார்பு இன்னோர் அளவிலும் விழுகிறவர்கள் அளவெடுத்துத் தைக்கும் உடையைப் பற்றி யோசிக்கலாம். உடம்பை ஒட்டி நிற்கும் 3 மி.மீ., தொளதொளத்த 5 மி.மீ. உடையைத் தோற்கடிக்கும்.

தையலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். துணியோடு துணி தட்டையாகச் சேர்த்துத் தைத்த உடையில் ஊசித் துளைகள் வழியாகக் கொஞ்சம் நீர் கசியும். ஒட்டி, மறுபக்கம் துளைக்காமல் தைத்ததில் கசியாது. 27 டிகிரிக்கு மேல் முதல் வகையே போதும். கழுத்தில் மூன்று விரல் நுழையும் இடைவெளியை வைத்துக்கொண்டு தையலில் கசிகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

முதல் அரைமணி நேரம் சுகமாக இருக்கிறது, பிறகு நடுக்கம்

நீர் உள்ளே ஓடவில்லை, ஆனாலும் மெல்ல மெல்லக் குளிர் ஏறுகிறது என்றால் இப்போதுதான் தடிமனைப் பற்றிப் பேசலாம்.

என் கணக்கு இது. 29 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் லைக்ரா முழு உடை அல்லது 1 மி.மீ. நியோப்ரீன். 27 முதல் 29 வரை, 3 மி.மீ. முழு உடை. 24 முதல் 26 வரை, 5 மி.மீ. அல்லது 3 மி.மீ. உடைக்குள் தலையுறையோடு கூடிய உள்சட்டை. அதற்குக் கீழே போனால் 5 மி.மீ. உடையோடு தலையுறையும் கட்டாயம், 7 மி.மீ. வரையும் போகலாம். இதில் உங்களுக்கான திருத்தம் முக்கியம். ஒல்லியானவர், ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பவர், பயிற்சி கொடுப்பவர், ஒரு நாளில் மூன்று முறை இறங்குபவர் எல்லோரும் ஒரு படி மேலே போக வேண்டும். விருந்தினர்கள் அரைக்கை அரைக்கால் ஷார்ட்டியில் இறங்கும் நீரில் வழிகாட்டி மட்டும் 5 மி.மீ. முழு உடையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் பலவீனமானவர் அல்லர். நேற்றும் இறங்கினார், நாளையும் இறங்குவார்.

லைக்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில், பவளப்பாறையின் உராய்வு, ஜெல்லிமீனின் கொட்டு ஆகியவற்றை அது தடுக்கும். சூடு தராது. லைக்ராவுக்கு மேல் லைக்ராவாக இரண்டு அணிந்தாலும் தராது. மெல்லிய கம்பளிபோன்ற உட்புறமும் காற்றுப் புகாத அடுக்கும் கொண்ட செயற்கைத் துணி உடைகள் ஓரளவு சூடு தரும். மிதப்பைக் கூட்டாது என்பது அவற்றின் கூடுதல் நன்மை.

உடம்பின் வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்ற பேச்சு தவறு. தலையின் பரப்பு உடலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது திறந்து கிடக்கும் பெரிய இடம் அது. அதனால்தான் 3 மி.மீ. உடையிலிருந்து 5-க்குத் தாவுவதைவிட, தலையுறையோடு கூடிய 2 மி.மீ. உள்சட்டை ஒன்றைச் சேர்ப்பது நல்ல மாற்றம் என்கிறேன். கழுத்து வாசலும் அதோடு அடைபடுகிறது, வேண்டாதபோது கழற்றிவிடவும் முடிகிறது. தலையுறை அணிந்தால் இறங்கும் முன் அதைக் காதருகே சற்று இழுத்து நீர் புக விடுங்கள். காதின் வெளித்துளையில் காற்று சிறைப்பட்டால் அழுத்தத்தைச் சமன் செய்வது கடினமாகும்.

உள்ளே வெள்ளி நிறத்தில் "டைட்டானியம்" பூசிய உடைகள் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றன என்ற விளம்பரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீருக்குள் வெப்பம் போவது பெரும்பாலும் கடத்தலால். கண்ணாடி காட்டி அதைத் திருப்பிவிட முடியாது.

ஆழத்தில் மட்டும் குளிர்கிறது

இரண்டு காரணங்கள், இரண்டையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். டைவ் முடிந்ததும் பதிவில் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பாருங்கள். மேலே 29, கீழே 24 என்று இருந்தால் வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கைக் கடந்திருக்கிறீர்கள். கடற்கரைப் பலகையில் எழுதியிருக்கும் மேற்பரப்பு வெப்பநிலைக்கு ஏற்ப உடை எடுத்ததுதான் பிழை. கீழே உள்ள எண்ணுக்கு ஏற்ப எடுங்கள்.

வெப்பநிலை மாறவில்லை என்றால் மாறியது உங்கள் உடை. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிக் குமிழிகளின் கொள்ளளவு பாதியாகிறது. 30 மீட்டரில் கால்வாசி. ரப்பர் நசுங்காது என்பதால் தடிமன் அதே விகிதத்தில் குறையாவிட்டாலும், மென்மையான நியோப்ரீன் அந்த ஆழத்தில் ஏறக்குறைய பாதியாக மெலிந்துவிடும். நீங்கள் 5 மி.மீ. அணிந்து இறங்கினாலும் கீழே இருப்பது அது அல்ல. ஆழமான டைவ்களே அதிகம் என்றால் ஒரு படி கூடுதல் தடிமன், அல்லது அடர்த்தி மிகுந்த நியோப்ரீன். பின்னது விறைப்பாக இருக்கும், போடும்போது திட்டுவீர்கள்.

ஏறி வரும்போது, 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தில்தான் நடுக்கம் தொடங்குகிறது என்று சொல்பவர்களும் உண்டு. இதை அலட்சியப்படுத்தாதீர்கள். அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அடியில் சூடாகவும் மேலேறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கு அழுத்தநீக்க நோய் (மேலேறும்போது உடலில் கரைந்த வாயு குமிழியாகித் தரும் தொல்லை) வருவது வெகுவாகக் கூடியது. அதில் "குளிர்" என்று கொண்ட நீர் 27 டிகிரிதான். உடம்பு குளிர்ந்தால் கை கால்களுக்கு ரத்தம் குறைகிறது. அங்கே கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகிறது. ஆகவே நடுக்கம் வந்த பிறகும் "சிலிண்டரில் இன்னும் 80 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறதே" என்று நீட்டிக்காதீர்கள். முதல் நடுக்கமே முடிக்க வேண்டிய நேரம். மேலே வந்ததும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும் வேண்டாம். துடைத்து, உலர்ந்த உடை மாற்றி, மெல்லச் சூடாகுங்கள்.

கை விரல் கட்டுப்பாடு போய்விட்டது, பேச்சுக் குழறுகிறது, அல்லது சூடாகாமலேயே நடுக்கம் நின்றுவிட்டது என்றால் அது உடைத் தேர்வுப் பிரச்சினை அல்ல. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். மருத்துவ உதவி தேவை.

முதல் நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் தாங்கவில்லை

உடையில் குறையில்லை. கடன் சேர்ந்துவிட்டது. இரண்டு டைவ்களுக்கு நடுவே தோல் சூடாகிவிடும், உள்ளே இழந்தது முழுவதும் திரும்பியிருக்காது. பல நாள் தொடர்ந்து இறங்கும் பயணத்துக்கு, ஒரு நாளுக்குப் போதுமான உடையைவிட ஒரு படி அதிகமாக எடுத்துச் செல்லுங்கள், அல்லது உள்சட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். நீரில் மூழ்கும்போது கை கால்களின் ரத்தம் நடுவுடலுக்கு வருவதால் சிறுநீர் அதிகம் சுரக்கும். அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இறங்குவது குளிரைவிட மோசம்.

நீரில் குளிரவில்லை, படகில் குளிர்கிறது

நனைந்த நைலான் மேல்துணியில் காற்று படுகிறது. நீர் ஆவியாகும்போது உங்கள் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. உடையை இடுப்புவரை இறக்கி, துடைத்து, காற்றுத் தடுக்கும் மேலங்கி ஒன்றைப் போடுங்கள். இதற்காகப் புது வெட்சூட் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இறங்கும் முன்பே வேர்த்துத் தலைசுற்றுகிறது

தேவைக்கு மேல் தடிமன், அல்லது தேவைக்கு முன்பே அணிந்தது. பெரும்பாலும் இரண்டாவதுதான். கருவிகளை முதலில் தயார் செய்துவிட்டு உடையை இடுப்புவரை மட்டும் போட்டு நிழலில் காத்திருங்கள். வழிகாட்டியின் விளக்கம் முடிந்த பிறகு ஜிப்பை மூடுங்கள். தாமதமானால் கழுத்து வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். குமட்டல், தலைவலி என்று தொடங்கிவிட்டால் அந்த டைவை விட்டுவிடுங்கள்.

கழுத்தை நெரிக்கிறது, மூச்சு முழுதாக இழுக்க முடியவில்லை

கழுத்தின் இரு பக்கமும் ஓடும் கரோட்டிட் தமனியில் ரத்த அழுத்தத்தை உணரும் இடம் ஒன்று உண்டு. இறுக்கமான கழுத்துப் பட்டை அதை அழுத்தினால் ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று உடல் ஏமாந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். கிறுகிறுப்பு, சில வேளைகளில் மயக்கம்கூட வரலாம். "போகப் போகப் பழகிவிடும்" என்ற அறிவுரையை இங்கே கேட்காதீர்கள். கழுத்துப் பட்டையை உட்புறமாக மடித்துப் பார்க்கலாம். இழுத்துப் பிடித்து ஓரிரவு ஏதாவது உருண்டையான பொருளின் மேல் மாட்டி வைத்தாலும் சற்றுத் தளரும். வெட்டுவதாக இருந்தால் விரற்கடைக்கும் குறைவாக, சிறிது சிறிதாக. வெட்டியதை ஒட்ட முடியாது. மார்பு இறுகி ஆழ்ந்த மூச்சு வரவில்லை என்றால் வெட்டவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

புது உடையோடு கீழே இறங்கவே முடியவில்லை

குமிழிகள் சூடு தருகின்றன, கூடவே மிதக்கவும் வைக்கின்றன. புது நியோப்ரீனில் குமிழிகள் முழுசாக இருப்பதால் மிதப்பும் அதிகம். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையைப் பழைய உடைக்குப் போட்ட அளவே போட்டால் மேலேயே தத்தளிப்பீர்கள். ஊகிக்காமல் சோதியுங்கள். சிலிண்டரில் 50 பார் அளவே காற்று மீதமிருக்கும்போது, மிதப்புச் சட்டையை (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேற்சட்டை) முழுதும் காலி செய்து, நிதானமாக மூச்சைப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல மூழ்க வேண்டும். நிரம்பிய சிலிண்டரோடு சோதித்தால், பிறகு செலவாகும் காற்றின் எடையையும் சேர்க்க வேண்டும். பரவலாகப் புழங்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் அது ஏறக்குறைய 2 கிலோ.

பயத்தில் ஈயத்தை அள்ளிக் கட்டிக்கொள்வதும் ஆபத்து. கீழே போகப் போக உடை நசுங்கி மிதப்பை இழக்கும். அதை ஈடுகட்ட மிதப்புச் சட்டையில் காற்றை ஏற்றுவீர்கள். மேலே வரும்போது இரண்டும் சேர்ந்து விரிந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்.

தோலில் தடிப்பும் அரிப்பும்

எங்கே, எப்போது என்று பாருங்கள். அக்குளிலும் பின்கழுத்திலும் மட்டும், அதே நாளில் என்றால் உராய்வு. உள்ளே மெல்லிய லைக்ரா போதும். பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவாதீர்கள், அது ரப்பரைக் கெடுக்கும்.

உடை பட்ட இடம் முழுவதும் ஓரிரு நாள் கழித்துச் சிவந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். நியோப்ரீன் தயாரிப்பில் சேர்க்கும் தயோயூரியா வகைச் சேர்மங்கள் இதற்குப் பேர்போனவை. தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்திவிட்டு, நியோப்ரீன் இல்லாத உடைக்கு மாறுங்கள்.

துணி இறுகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் என்றால், உடைக்குள் சிக்கிய ஜெல்லிமீன் குஞ்சுகளாக இருக்கலாம். உடையோடு நன்னீரில் நிற்காதீர்கள். நன்னீர் பட்டால் மீதமிருக்கும் கொட்டும் செல்களும் வெடிக்கும். முதலில் கழற்றுங்கள், பிறகு குளியுங்கள். அந்த உடையைத் துவைக்காமல் மறுபடி அணிந்தால் காய்ந்த துணியில் இருப்பவையும் கொட்டும்.

அதே உடை, அதே நீர்; இப்போது மட்டும் குளிர்கிறது

உங்கள் எடைப் பட்டையைப் பாருங்கள். சில வருடங்களாகத் தேவைப்படும் ஈயம் குறைந்துகொண்டே வந்தால் "என் மிதப்புக் கட்டுப்பாடு தேறிவிட்டது" என்று மகிழ்வோம். ஓரளவு உண்மையாக இருக்கலாம். மிச்சம், குமிழிகள் செத்ததன் கணக்கு. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழாவிட்டாலும், துணி அட்டைபோல் விறைத்திருந்தாலும் அந்த உடையின் காலம் முடிந்தது. முதலில் சாவது முழங்காலும் உட்காரும் இடமும். வெயிலில் காயப் போடுவது, மடித்து அடுக்குவது, கம்பிக் கொக்கியில் தொங்கவிடுவது, வெந்நீர், முறுக்கிப் பிழிதல் எல்லாம் இதை விரைவுபடுத்தும். நன்னீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காய வைத்து, அகலமான தோள்கொண்ட கொக்கியில் மாட்டுங்கள்.

போடும்போதே கிழிகிறது, ஏறவே மாட்டேன் என்கிறது

பிறை வடிவக் கீறல்கள் எல்லாம் நகத்தின் வேலை. விரல் நுனியால் இழுக்காமல் விரலின் சதைப் பகுதியால் கிள்ளி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முழங்காலைத் தாண்டாத துணியைத் தோளிலிருந்து இழுத்தால் தையல்தான் போகும். காலில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கீறல் விழுந்துவிட்டால் உலர்ந்த உடையில், நியோப்ரீன் பசையை இரு விளிம்பிலும் மெல்லிய பூச்சாகத் தடவி, பிசுபிசுப்பு அடங்கும்வரை காத்திருந்து இன்னொரு பூச்சு, பிறகு அழுத்திப் பிடித்தல். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டியது அடுத்த டைவில் திறந்துகொள்ளும்.

நாற்றம்

காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. வாசனைத் திரவியம் அதன்மேல் இன்னொரு நாற்றத்தைச் சேர்க்கும். நொதி கலந்த வெட்சூட் ஷாம்பூவில் ஊற வைத்து, உட்புறம் வெளியே தெரிய முழுதாகக் காய வையுங்கள். இரவல் உடையாக இருந்தால், அணியும் முன் முகர்ந்து பாருங்கள்.